20 லட்சம் சண்டை இருக்கட்டும், டவுனுக்குள்ள மெட்ரோ எப்படிப் போகப்போகுது?

கொஞ்சம் நீளமான பதிவு. டீ டைம்ல பொறுமையா படிங்க.

2025 நவம்பர்ல கோவை, மதுரை மெட்ரோ திட்டங்களை ஒன்றிய அரசு திருப்பி அனுப்பினதுல இருந்து நம்ம டைம்லைன் முழுக்க ஒரே நம்பர்தான் ஓடுது: 20 லட்சம். மீம் போட்டாச்சு, கார்டு போட்டாச்சு. ஆக்ராவும் போபாலும் 2011 கணக்குப்படி 20 லட்சம் தாண்டாத ஊர்கள், 2017 மெட்ரோ கொள்கை வந்த பிறகே ரெண்டுக்கும் ஒப்புதல் கிடைச்சது, அப்போ கோவைக்கு மட்டும் ஏன் இல்லை? இந்தக் கேள்வி நியாயமானது. அதை விடவே கூடாது. 2011லேயே சுற்றுப்பகுதியோட சேர்த்து 21 லட்சத்தைத் தாண்டின ஊரு நம்மளது. அதுக்கப்புறம் எடுத்த கணக்கே இல்லாம பழைய கணக்கை வச்சு ஒரு ஊரோட அடுத்த 30 வருஷத்தை முடிவு பண்றது அபத்தம்.

ஆனா அந்தப் பதில்ல மக்கள்தொகை மட்டும் இல்லை. இன்னொரு காரணமும் இருந்துச்சு. நிலையம் கட்டச் சொல்லியிருக்கிற சில இடங்கள்ல ரோட்டோட அகலம் போதாது, கட்டடங்களை இடிக்க வேண்டியிருக்கும்னு சொல்லியிருக்காங்க. இதைப் பத்தி நம்ம பக்கத்துல யாரும் பேசக் காணோம். எதிர்த்தரப்பும் பேசலை, அது வேற விஷயம். நான் சிவில் படிச்சவன். எனக்கு அந்த 20 லட்சத்தை விட இந்த வரிதான் உறுத்துது. மக்கள்தொகை விதியை நாளைக்கே ஒரு கையெழுத்துல தளர்த்திடலாம். ரோட்டோட அகலத்தை எந்தக் கையெழுத்தும் மாத்தாது.

திட்டத்தைத் தெரியாதவங்களுக்கு சுருக்கமா சொல்லிடறேன். சென்னை மெட்ரோ நிறுவனம் தயாரிச்ச திட்ட அறிக்கையில ரெண்டு வழித்தடம். ஒண்ணு, உக்கடம் பஸ் ஸ்டாண்ட்ல ஆரம்பிச்சு ஜங்ஷன் வந்து, அவிநாசி ரோடு வழியா ஏர்போர்ட் தாண்டி நீலாம்பூர் வரைக்கும் 20.4 கிலோமீட்டர். இன்னொண்ணு, ஜங்ஷன்ல ஆரம்பிச்சு காந்திபுரம், கணபதி, சரவணம்பட்டி வழியா சத்தி ரோட்டுல வலியாம்பாளையம் பிரிவு வரைக்கும் 14.4 கிலோமீட்டர். மொத்தம் 32 நிலையம், செலவு 10,740 கோடி. எல்லாமே தூண் மேலதான் போகுது.

நீலாம்பூர் பக்கம் தூண் போடறது பெரிய கஷ்டம் இல்லை. இப்போ உக்கடத்துக்கும் ஜங்ஷனுக்கும் நடுவுல என்ன இருக்குன்னு கண்ணை மூடி யோசிச்சுப் பாருங்க. ஒப்பணக்கார வீதி, பெரிய கடை வீதி, ராஜ வீதி, டவுன்ஹால். தீபாவளிக்கு ரெண்டு வாரம் முன்னாடி அங்க நடக்கவே இடம் இருக்காது. பாத்திரக்கடை, ஜவுளிக்கடை, நகைக்கடை, பூக்காரம்மா, தள்ளுவண்டி, லோடு ஆட்டோ எல்லாம் அதே ரோட்டுலதான். ரயில் ஓடற பாதைக்கு ஒரு வரிசைத் தூண் போதும். நிலையத்துக்கு அது பத்தாது. ரெண்டு பக்கமும் பிளாட்பாரம், படிக்கட்டு, லிஃப்ட், எஸ்கலேட்டர், டிக்கெட் தளம் எல்லாம் வேணும். 3 பெட்டி ரயில்தான்னாலும் அந்த அகலம் குறையாது. அது எங்க இறங்கும்? யாரோ ஒருத்தரோட கடை வாசல்லதான்.

காந்திபுரத்துல வேற சிக்கல். அங்க ஏற்கனவே மேம்பாலங்கள் நிக்குது. அதுக்கும் மேல ரயில் போகணும்னா நிலையம் எவ்வளவு உயரத்துக்குப் போகும்? டவுன் பஸ்ல வந்து இறங்கற ஒரு பாட்டி, கையில பையோட, ரோட்டைக் கடந்து மூணு மாடி ஏறித்தான் ரயில் பிடிக்கணும்னா அவங்க அடுத்த டவுன் பஸ்லயே போயிடுவாங்க. அவிநாசி ரோட்டுலயும் இதே கதைதான். உப்பிலிபாளையத்துல இருந்து கோல்டுவின்ஸ் வரைக்கும் 10.1 கிலோமீட்டர் ஜி.டி. நாயுடு மேம்பாலம் 2025 அக்டோபர்ல திறந்தாச்சு. நடு ரோட்டை அது எடுத்துக்கிச்சு, மெட்ரோ ஓரத்துலதான் ஒதுங்கணும். பாலமும் மெட்ரோவும் ஒண்ணா ஒரே வரைபடத்துல பிறந்திருக்கணும். இப்போ புலம்பி என்ன பண்றது, அடுத்ததைப் பாப்போம்.

என் கருத்து இதுதான். உக்கடத்துல இருந்து டவுன்ஹால், ஜங்ஷன் தாண்டி உப்பிலிபாளையம் வரைக்கும் சுமார் 3 கிலோமீட்டரை பூமிக்கு அடியில கொண்டுபோகணும். மிச்சம் எல்லாம் தூண் மேலயே போகட்டும்.

"சுரங்கமா? காசு யாரு தர்றது?"ன்னு கேப்பீங்க. ஆமா, தூண் மேல போறதை விட சுரங்கத்துக்கு ரெண்டு மடங்குக்கும் மேல செலவாகும். ஆனா இதே நிறுவனம் மதுரைக்குப் போட்ட திட்டத்தைப் பாருங்க. அங்க மீனாட்சி அம்மன் கோயிலைச் சுத்தின பழைய ஊர்ப் பகுதிக்கு சுமார் 5 கிலோமீட்டர் சுரங்கம் வச்சிருக்காங்க. சரியான முடிவு. சென்னையில மண்ணடி, உயர் நீதிமன்றம் நிலையங்கள் எல்லாம் தரைக்கு அடியிலதான், 2019ல இருந்து ஓடிட்டிருக்கு. மண்ணடி தெருக்களை விட நெரிசலான கடைவீதி நம்ம மாநிலத்துல எத்தனை இருக்கு சொல்லுங்க. ஜெய்ப்பூர்ல பழைய கோட்டை நகரத்துக்குள்ள, சந்த்போல் வாசலுக்கு அடியில தோண்டி பெரிய சௌபர் வரைக்கும் சுமார் 2 கிலோமீட்டர் கொண்டுபோய் 2020ல திறந்துட்டாங்க. யுனெஸ்கோ பட்டியல்ல இருக்கிற ஊரு அது. மேல கடைத்தெரு அப்படியே இருக்கு.

இன்னொரு கேள்வியும் வரும், அதுவும் நம்ம ஊர்க்காரங்ககிட்ட இருந்தே: "ஏனுங்க, ஒரு மழைக்கே லங்கா கார்னர் முழுகுது, இதுல சுரங்க ரயிலா?" நியாயமான பயம். லங்கா கார்னர் ரோட்டுப் பாலம், ரெண்டு பக்கமும் திறந்து கிடக்கு, பக்கத்துத் தண்ணி எல்லாம் சரிஞ்சு அங்கதான் வரும். மெட்ரோ சுரங்க நிலையத்துக்கு வாசலை ரோட்டு மட்டத்தை விட உயர்த்திக் கட்டுவாங்க. நீங்க உள்ள இறங்கறதுக்கு முன்னாடி சில படி மேல ஏறுவீங்க, சென்னையில கவனிச்சிருக்கலாம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல சென்னையே மிதந்தப்பவும் மெட்ரோ ஓடிச்சு. ஆனா சுரங்கம்னா வலியே இல்லைன்னு நான் சொல்ல மாட்டேன். நிலையம் கட்டற இடத்தைத் தோண்டி வருஷக்கணக்கா அடைச்சு வைப்பாங்க. அதனாலதான் அந்தக் குழி கடைவீதி நடுவுல வரக்கூடாது, அரசு இடம், ரயில்வே இடம், பஸ் ஸ்டாண்ட் இடமா பாத்து வரணும்னு இப்பவே கேக்கணும்.

சிலர் "மெட்ரோ வேண்டாம், சின்னதா லைட் ரயில் போதும்"னு சொல்றாங்க. ஒன்றிய அரசே 2019ல மெட்ரோலைட்னு ஒரு வகைக்கு விதிமுறை வெளியிட்டிருக்கு. செலவு கம்மி, பெட்டி சின்னது. எனக்கு அதுல பெரிய எதிர்ப்பு இல்லை. ஆனா அது ரோட்டு மட்டத்துலயே ஓடணும்னா தடுப்பு வேலி போட்டு தனிப்பாதை ஒதுக்கணும். ஒப்பணக்கார வீதியில எந்தப் பாதையை ஒதுக்குவீங்க? மேல தூக்கினா மறுபடி அதே தூண், அதே படிக்கட்டு. பேரை மாத்தினாலும் அந்த 3 கிலோமீட்டர் அங்கயேதான் இருக்கும்.

அடுத்து ஜங்ஷன். இதுதான் எனக்கு ரொம்ப முக்கியம். ரெண்டு வழித்தடமும் சேர்ற இடம் இதுதான். பீளமேட்டுல இருக்கிற ஒருத்தர் காந்திபுரம் போகணும்னா நேர் ரயில் கிடையாது. ஜங்ஷன் வந்து மாறணும். அந்த மாற்றம் எதிர் பிளாட்பாரத்துலயோ, ஒரே கட்டடத்துல ஒரு எஸ்கலேட்டர் தூரத்துலயோ இருந்தா மக்கள் மாறுவாங்க. ரோட்டுல இறங்கி நடந்து மறுபடி ஏறச் சொன்னா ஒருத்தரும் வரமாட்டாங்க. சென்னை சென்ட்ரல் பக்கம் பாருங்க. சென்ட்ரல், பார்க், பார்க் டவுன்னு மூணு நிலையம், கூப்பிடு தூரத்துல, ஆனா ஒவ்வொண்ணுக்கும் தனி வாசல், நடுவுல ரோடு. பறக்கும் ரயில் 2007லேயே வேளச்சேரி வரைக்கும் போயிடுச்சு, ஆனா அதோட பிரம்மாண்ட நிலையங்கள் பல காலம் ஆள் இல்லாம வௌவால் மண்டபம் மாதிரி கிடந்ததுக்கு இப்படி எதோடயும் ஒட்டாம நின்னது ஒரு பெரிய காரணம்.

நம்ம ஜங்ஷனுக்கு ஸ்டேட் பேங்க் ரோடு பக்கம் ஒரு வாசல், கூட்ஸ் ஷெட் ரோடு பக்கம் இன்னொரு வாசல். கலெக்டர் ஆபீஸ் அங்கயே இருக்கு, அரசு ஆஸ்பத்திரி பக்கத்துலதான். மெட்ரோ நிலையத்துல இருந்து ரயில்வே பிளாட்பாரத்துக்கு நேரா நடைபாதை வேணும், ரெண்டு வாசலுக்கும் வழி வேணும். இதுக்கு ரயில்வேயோட சம்மதம் தேவை. அதை இப்பவே கேட்டு வாங்கணும். தூண் எழும்பின பிறகு கேட்டா ஃபைல் பத்து வருஷம் சுத்தும்.

"முதல்ல நீலாம்பூர்ல இருந்து கட்டுவோம், டவுன் பகுதியை அப்புறம் பாத்துக்கலாம்"னு ஒரு பேச்சு கண்டிப்பா வரும். நிலம் சுலபமா கிடைக்கும், ரிப்பன் சீக்கிரம் வெட்டலாம். தயவுசெஞ்சு நம்ம ஆட்கள் இதுக்குத் தலையாட்டாதீங்க. சென்னையில 2015ல கோயம்பேடு–ஆலந்தூர் மட்டும் திறந்தப்போ பெட்டி காலியா ஓடுச்சு, "யாருக்கு இந்த மெட்ரோ"ன்னு கேலி பண்ணாங்க. சென்ட்ரலும் அண்ணா சாலையும் சேர்ந்த பிறகுதான் கூட்டம் வந்துச்சு. கொச்சியில 2017 ஜூன்ல ஆலுவா–பாலாரிவட்டம் திறந்தாங்க, ஆனா நாலே மாசத்துல எம்.ஜி. ரோடு வழியா மகாராஜாஸ் காலேஜ் வரைக்கும் ஊருக்குள்ள கொண்டுவந்துட்டாங்க. எம்.ஜி. ரோட்டுக்கு அகலம் இருந்துச்சு, தூணே போதும். நமக்கு அந்த வசதி இல்லை.

காசு பத்தலைன்னா? வெட்ட வேண்டிய இடம் நீலாம்பூர் பக்கம்தான்னு நான் சொல்வேன். அந்தப் பக்கத்துத் தோழர்கள் என் மேல கோபப்படாதீங்க. ஏர்போர்ட் வரைக்கும் முதல்ல வரட்டும், மிச்ச கிலோமீட்டர் ரெண்டாவது கட்டத்துல வரட்டும். அப்படி மிச்சமாகிற பணம் டவுன் சுரங்கத்துக்குப் போகட்டும். உக்கடத்துல பொள்ளாச்சி, பழனி, பாலக்காடு பஸ்ல வந்து இறங்கற கூட்டம்தான் இந்த ரயிலை நிரப்பப்போற கூட்டம். அவங்களை விட்டுட்டு யாருக்காக ரயில்?

எப்படியும் திருத்தின அறிக்கை ஒண்ணு திரும்ப டெல்லிக்குப் போகத்தான் போகுது. அது போறதுக்கு முன்னாடி டவுன்ஹால், உக்கடம், காந்திபுரம் வார்டு நிர்வாகிகள் கடைக்காரர்களையும் தள்ளுவண்டிக்காரங்களையும் உட்காரவச்சுப் பேசுங்க. எந்தக் கடை, எந்த வாசல், எத்தனை அடின்னு எழுதி வாங்குங்க. நிலையம் எங்க வந்தா நல்லதுன்னு அவங்களுக்குத் தெரிஞ்ச அளவு எந்த ஆலோசகருக்கும் தெரியாது. ஐடி விங் தோழர்கள் அதை வரைபடமா போட்டுத் தர நான் ரெடி, இன்னும் ரெண்டு பேர் கூட வந்தா போதும். கமெண்ட்ல உங்க வார்டு நம்பரைப் போடுங்க, கூப்பிடறேன்.

#கோவைமெட்ரோ #டவுனுக்குள்ளசுரங்கம்