போயிங் 777-ம் எங்கம்மாவின் செருப்பும்

மக்கா, இந்த 'ஜன்னல் சீட்டா, நடை ஓர சீட்டா' பட்டிமன்றத்தை முதல்ல மூட்டை கட்டுங்க. ஆளாளுக்கு எழுதித் தள்ளியாச்சு, நானும்தான். ஒரு வரிசைக்கு மொத்தம் எத்தனை சீட்டுன்னு எவனாவது எண்ணினோமா?

விமானம் பாக்கறது எனக்குச் சின்ன வயசுக் கிறுக்கு. பக்கத்துக்கு அஞ்சு கதவு, இறக்கை நுனி பின்னால சீவி விட்ட மாதிரி இருந்தா 777-300இஆர். ஏர்பஸ் ஏ350-ல பெரிய சக்கரக் கூட்டம் பக்கத்துக்கு நாலுன்னா 900, ஆறுன்னா 1000. பெரிய விமானம், எஞ்சின் கூட்டோட பின்விளிம்பு ரம்பப்பல்லா இருந்தா 787. தூக்கத்துல கேட்டாலும் சொல்வேன். இத்தனை ஞானமும் எங்கம்மாவுக்கு ஒரு அங்குலம் உபயோகப்படலை.

தங்கச்சி பிரசவத்துக்கு அம்மா அமெரிக்கா கிளம்பினாங்க. 'பெரிய பிளேன் சார், ட்ரிப்பிள் செவன்' என்றார் டிராவல்ஸ்காரர். 'அதுலயும் 300இஆரும்மா!' என்று நானும் பீத்திக்கிட்டேன். வழியில் மாறி ஏறினதும் பதினாலு மணி நேரம், நாலு சீட்டுக்கு நடுவுல ஒண்ணு. ஓரத்து ஆளை எழுப்பக் கூச்சப்பட்டு, பாத்ரூம் போகவேண்டாமேன்னு தண்ணியே குடிக்கலையாம். 'கால் வீங்கி செருப்பு நுழையலைடா' என்று போனில் சொன்னாங்க.

விஷயம் இதுதான். 777-க்குள்ள சுவத்துக்குச் சுவர் சுமார் 5.86 மீட்டர். அதுல ஒம்பது சீட்டு போட்டா ஒண்ணு பதினெட்டு அங்குலத்துக்கு மேல வரும். பத்து போட்டா பதினேழு. நடைபாதையும் ஒடுங்கி, தள்ளுவண்டி தோளை இடிக்கும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 300இஆர்ல ஒம்பது, எமிரேட்ஸ் 300இஆர்ல பத்து. வெளியிலிருந்து பாத்தா ரெண்டும் ஒரே வண்டி! 787-ம் எட்டு சீட்டுக்குன்னு பேசப்பட்டதுதான். ஜப்பான் ஏர்லைன்ஸ் தன் வெளிநாட்டு விமானங்கள்ல எட்டோட நிறுத்திக்கிச்சு, மத்தவங்க பெரும்பாலும் ஒம்பது.

ஏர்பஸ் யோக்கியமான்னு கேக்காதீங்க. தொலைதூரப் பயணத்துக்குக் குறைஞ்சது 18 அங்குலம் வேணும்னு 2013-ல் ஊருக்கு உபதேசம் பண்ணினாங்க. அவங்க ஏ350-லயே ஃப்ரெஞ்ச் பீ பத்து சீட்டு போட்டுப் பறக்குது. அமெரிக்காவில் 2018-ல் சட்டமே போட்டு, சீட்டுக்குக் குறைஞ்சபட்ச அளவை ஒரு வருஷத்துல நிர்ணயிக்கச் சொன்னாங்க. கெடு தாண்டியதுதான் மிச்சம்.

'அதான் டிக்கெட் மலிவா கிடைக்குதே, அப்புறம் என்ன?' என்று ஒருத்தர் கிளம்புவார். சரி அண்ணாச்சி, மலிவு சரக்குன்னா அதைச் சொல்லி வில்லுங்க. 23 கிலோ பெட்டின்னு டிக்கெட்ல அடிக்கத் தெரியுது, சீட்டு அகலம் அடிக்கத் தெரியாதா? சட்டைக்கே அங்குலம் போட்டுத்தானே விக்கறான்.

அவசர வழி சீட்டுன்னு கூடுதல் காசு கட்டறவங்களும் கேளுங்க. கால் நீட்டலாம், வாஸ்தவம். சாப்பாட்டுத் தட்டு கைப்பிடிக்குள்ள மடங்கியிருக்கும், அதனால கைப்பிடி தூக்க வராது, இடுப்புக்கு இன்னும் நெருக்கடி.

நான் இப்ப விமானப் பேரையே பாக்கறதில்லை. சீட் மேப்பைத் திறந்து ஒரு வரிசையை விரல் வெச்சு எண்றேன், அவ்வளவுதான். அம்மா திரும்பி வர ஏ350, மூணு-மூணு-மூணு, நடை ஓரம். நாலாயிரம் ரூபா கூட. வாயைத் திறக்காம கட்டிட்டேன்.

பி.கு: பத்து சீட்டு 777-300இஆர்ல மாட்டிக்கிட்டீங்கன்னா கடைசி சில வரிசையைப் பாருங்க. வால் பக்கம் உடம்பு குறுகறதால அங்கே ரெண்டு-நாலு-ரெண்டா இருக்கும். புருஷன் பொண்டாட்டியா போனா மூணாவது ஆள் தொல்லை இல்லை. கக்கூஸ் க்யூ மட்டும் உங்க தலைமாட்டுல நிக்கும் :-)