அறுக்கும் முன் அளந்து பார்!

பழைய புல்லட் ஒன்று கிடைத்துவிட்டால் போதும், நம்ம பசங்க கை முதலில் ஹேக்ஸாவைத்தான் தேடுகிறது. மட்கார்டு போச்சு, ஃபிரேமின் பின்பகுதி போச்சு, சைலன்சர் காலி! கேட்டால், "கஃபே ரேஸர் மச்சி!" என்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை.

கஃபே ரேஸர் வளர்ந்தது லண்டனில். 1938-இல் திறந்த ஏஸ் கஃபே போன்ற சாலையோரக் கடைகளில் 1950, 60களில் கூடிய இளைஞர்கள், ரேஸ் பைக் வாங்க வசதியில்லாமல் கையிலிருந்த வண்டியையே வேகமாக்கினார்கள். நார்ட்டனின் 'ஃபெதர்பெட்' ஃபிரேமில் டிரையம்ஃப் இன்ஜினை ஏற்றி 'டிரைட்டன்' செய்தார்கள். ஏன்? அந்த ஃபிரேம் வளைவில் ஆடாது. அந்த இன்ஜினுக்கு இழுவை அதிகம். காற்றின் எதிர்ப்பைக் குறைக்க ஹேண்டில்பார் தாழ்ந்தது. உடம்பு முன்னால் சாய்ந்ததால் ஃபுட்ரெஸ்ட் பின்னால் போனது. எல்லாவற்றுக்கும் காரணம் இருந்தது.

நாமோ ஹேண்டிலை மட்டும் தாழ்த்துகிறோம். பாரமெல்லாம் மணிக்கட்டில்! டிரம் பிரேக்கில் லைனிங் தேய்ந்து கிடக்கும். அதை யார் பார்ப்பது?

என் கருத்து இதுதான்: முதலில் பிரேக், அடுத்து டயர், வயரிங், அழகு கடைசியில். போல்ட்டைக் கழற்றினால் பழையபடி ஆகக்கூடியதை மட்டும் மாற்றுங்கள். கண்ட இடத்தில் வெல்டிங் வைத்தால் அதன் ஓரத்தில்தான் விரிசல் விழும் என்று படித்தது பரீட்சைக்கு மட்டும்தானா? ஆர்.சி. விவரத்துக்கு முரணாக வண்டியை மாற்றுவதை 1988-ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும் தடுக்கிறது.

ஃபிரேமை அறுப்பது ஐந்து நிமிஷ வேலை. அறுத்ததைப் பழையபடி ஆக்க முடியுமா? டிப்ளமோ படிக்கிற நாமே யோசிக்காவிட்டால் வேறு யார் யோசிப்பார்கள்?