கழற்றுவதற்கு முன் ஒரு வாளித் தண்ணீர்

ஆயுத பூஜைக்கு முந்தைய வாரம் நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் எந்த வாட்டர் சர்வீஸ் கடைக்குப் போனாலும் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். எட்டு வருஷத்துக்கு மேல் ஓடிய வண்டி என்றால் வருஷா வருஷம் எஃப்.சி. வேறு காட்ட வேண்டும். அதற்கும் முதலில் சேஸைக் கழுவியாக வேண்டும். மாதக்கணக்கில் கிரீஸும் மண்ணும் இறுகிய இடத்தில் சும்மா ஓஸ் தண்ணீர் ஒன்றும் செய்யாது. அப்படிப்பட்ட நாளில்தான் பிரஷர் வாஷர் மக்கர் பண்ணும். மோட்டார் ஓடும், தண்ணீரும் வரும், வேகம் மட்டும் இருக்காது. மெக்கானிக் வருவார். கன்னை ஒருமுறை அழுத்திப் பார்ப்பார். "பம்பு போச்சுங்க, ஹெட்டையே மாத்திரலாம்" என்பார்.

அது பல நேரம் அவசரத் தீர்ப்பு. மெக்கானிக் ஏமாற்றுகிறார் என்பதல்ல பேச்சு. அவர் எதையும் அளந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான். சில நூறு ரூபாயில் முடிய வேண்டிய வேலைக்குப் பல ஆயிரம் ரூபாய் ஹெட் கழன்று பழைய இரும்புக்குப் போகிறது. புது ஹெட் மாட்டிய பிறகும் பிரஷர் ஏறவில்லை என்றால் அடுத்து மோட்டார் மேல் சந்தேகம் போகும்.

இந்த வட்டாரத்துக்குப் பம்பு புதிதல்ல. ஃபுட்வால்வ் ஒழுகினால் தண்ணீர் ஊற்றி எடுக்கவும், காயில் கருகினால் கட்டிக் கொடுக்கவும் ஊருக்கு ஊர் ஆள் உண்டு. சிக்கல் அந்த அனுபவத்தில்தான் தொடங்குகிறது. கிணற்று மேட்டு மோட்டாரில் இருப்பது சென்ட்ரிஃபியூகல் பம்பு. உள்ளே இம்பெல்லர் சுழன்று தண்ணீரை வீசுகிறது. அந்த வீச்சே அழுத்தமாகிறது. டெலிவரி வால்வைச் சற்று நேரம் மூடினாலும் தண்ணீர் உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும், எதுவும் வெடிக்காது. அங்கே வேகம் குறைந்தால் இம்பெல்லர் தேய்ந்துவிட்டது என்று நினைப்பதில் நியாயம் உண்டு.

பிரஷர் வாஷர் பம்பு வேறு ரகம். கடைகளில் இருப்பவற்றில் பெரும்பாலும் மூன்று பிளஞ்சர்கள் முறை வைத்து இயங்கும். ஒவ்வொரு சுற்றுக்கும் இவ்வளவு என்று தண்ணீரை இழுத்துத் தள்ளுவது மட்டுமே அவற்றின் வேலை. தோட்டத்தில் மருந்தடிக்கும் ஹெச்.டி.பி. ஸ்பிரேயரும் இதே குடும்பம்தான். அதாவது, பம்பு தருவது ஓட்டம். அழுத்தத்தை உண்டாக்குவது கன் நுனியில் உள்ள நாசிலின் சிறு துளை. ஓஸ் நுனியைக் கட்டைவிரலால் அமுக்கினால் தண்ணீர் பீய்ச்சுமே, அதே சங்கதி. கட்டைவிரலை எடுத்துவிட்டு மோட்டாரைக் குறை சொல்வதில் என்ன பயன்?

துளை தேய்வது கண்ணுக்குத் தெரியாது. கணக்குப் போட்டால்தான் அதன் கொடுமை புரியும். துளையின் விட்டம் பத்தில் ஒரு பங்கு பெருத்தால் பரப்பு 21 சதவீதம் கூடும். பம்பு தள்ளும் தண்ணீர் அதே அளவுதான் என்பதால், 100 பார் நின்ற இடத்தில் சுமார் 68 பார்தான் நிற்கும். கடைக்காரர்கள் 'ஒரு கிலோ பிரஷர்' என்பதும் ஒரு பாரும் ஏறக்குறைய ஒன்றே. ஆக, மூன்றில் ஒரு பங்கு அழுத்தம் போயே போய்விட்டது. பம்புக்குள் ஒரு வாஷர்கூடக் கெடவில்லை. பித்தளை நாசில் சீக்கிரம் தேயும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தாக்குப்பிடிக்கும். செராமிக் துளை இன்னும் நீடிக்கும். எதுவானாலும் அது பெல்ட்டைப் போல அவ்வப்போது மாற்ற வேண்டிய பொருள். நம் கடைகளிலோ காணாமல் போனால்தான் புது நாசில் வாங்குகிறார்கள்.

வாங்கும்போதும் கோளாறு. நாசில் மேல் 2504 என்பதுபோல ஓர் எண் பொறித்திருக்கும். முதல் இரண்டு இலக்கங்கள் தண்ணீர் விரியும் கோணம், 25 டிகிரி. அடுத்த இரண்டும் துளையின் அளவைக் குறிப்பவை. நிமிடத்துக்கு 10.7 லிட்டர் தள்ளும் பம்பில் 04 அளவு நாசில் போட்டால் சுமார் 140 பார் கிடைக்கும். மரை சேர்கிறது என்று 05 அளவை மாட்டிவிட்டால் அதே பம்பு 90 பாரைத் தொடாது. புத்தம் புது நாசிலே வில்லனாகிவிடும். திட்டு மட்டும் பம்புக்கு.

இதைப் பிரித்தறியப் பெரிய கருவி தேவையில்லை. கெட்டியான இருபது லிட்டர் இரும்பு வாளி, செல்போனில் ஸ்டாப்வாட்ச், ஒரு ஈரச் சாக்கு போதும். நாசில் மாட்டியபடியே லான்ஸ் நுனியை வாளிக்குள் விட்டு, தெறிக்காமல் சாக்கைப் போட்டு மூடி, கன்னை அழுத்திப் பிடிக்க வேண்டும். பம்பின் தகட்டில் நிமிடத்துக்கு 10 லிட்டர் என்று இருந்தால் இரண்டு நிமிடத்தில் வாளி நிறைய வேண்டும். நிறைந்தும் பிரஷர் இல்லையென்றால் பம்பு நிரபராதி. நாசிலை மாற்றினால் வேலை முடிந்தது. மூன்று நிமிடம் ஆகிறது என்றால்தான் பம்புப் பக்கம் திரும்ப நியாயம் வருகிறது. வேகம் இருக்கிறதா என்று நாசில் முன்னால் கையை நீட்டிப் பார்க்கும் பழக்கத்தை மட்டும் அடியோடு விட வேண்டும். 100 பார் தண்ணீர் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஊசி குத்திய அளவுக்குத்தான் தெரியும். ஆனாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய காயம் அது.

வாளி நிறையத் தாமதமானாலும் முதல் சந்தேகம் தண்ணீர் வரும் வழிமேல்தான் விழ வேண்டும். சேலம், நாமக்கல் மாவட்டங்களின் அடியில் இருப்பது கெட்டிப் பாறை. ஆயிரம் அடி போர் என்பது இங்கே செய்தியே அல்ல. நாடு முழுக்கப் போர் போடும் ரிக் வண்டிகளின் ஊராயிற்றே திருச்செங்கோடு. பாறை இடுக்கில் கிடந்த தண்ணீர் உப்பைச் சுமந்துகொண்டுதான் மேலே வரும். குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை போகலாம் என்று இந்தியத் தர நிர்ணய அமைப்பு வரையறுத்திருக்கிறது. வண்டி கழுவும் தண்ணீருக்கு அப்படி யாரும் வரையறை வைக்கவில்லை, சோதித்துப் பார்ப்பதும் அபூர்வம். அது மொட்டை வெயிலில் சின்டெக்ஸ் டேங்கில் கிடந்து, ஜல்லடையில் பாசியாகவும் வால்வில் வெள்ளைப் பொருக்காகவும் படிகிறது.

ஜல்லடை அடைத்தாலும், உறிஞ்சும் ஓஸ் வெயிலில் இளகி உள்ளே ஒட்டிக்கொண்டாலும் பம்புக்குப் போதிய தண்ணீர் கிடைக்காது. கிளிப் தளர்ந்து காற்றை இழுத்தால் தண்ணீர் நுரைத்து வெளுத்து வரும். பம்பு கரகரவென்று கத்தும். இணைப்புகளில் ஒவ்வொன்றாகக் கிரீஸைத் தடவிக்கொண்டே வந்தால் எங்கே சத்தம் அடங்குகிறதோ அங்கேதான் ஓட்டை. பெல்ட் வழுக்குவதும், லோ வோல்டேஜில் மோட்டார் திணறுவதும் இதே பட்டியல்தான். சுற்று பத்து சதவீதம் குறைந்தால் ஓட்டமும் பத்து சதவீதம் குறையும். அழுத்தமோ 19 சதவீதம் இறங்கிவிடும்.

இவ்வளவும் பார்த்த பிறகுதான் ஹெட்டைத் திறக்க வேண்டும். மூன்று பிளஞ்சருக்கு ஆறு வால்வுகள். ஒன்றில் மணலோ பொருக்கோ சிக்கி மூடாமல் நின்றாலே அந்த சிலிண்டர் வேலைக்கு ஆகாது. ஓட்டம் மூன்றில் இரண்டாகும். அழுத்தம் பாதிக்கும் கீழே போகும். ஓஸ் உதறித் துள்ளும். பொருக்கை எடுக்க பாத்ரூம் ஆசிட்டை ஊற்றுவோர் பித்தளையையும் அலுமினியத்தையும் சேர்த்தே அரித்துவிடுகிறார்கள். எலுமிச்சை உப்புக் கரைசலில் ஊறவைத்துக் கழுவினால் போதும். பம்புக்கு அடியில் சொட்டுச் சொட்டாக விழுந்தால் வாட்டர் சீல். ஆயில் வெளுத்திருந்தால் தண்ணீர் கிராங்க் கேஸுக்குள் இறங்கிவிட்டது. சீலோடு ஆயிலையும் மாற்றியாக வேண்டும். மோட்டாரை ஓடவிட்டு, கன்னைக் கீழே போட்டுவிட்டு போன் பேசப் போகும் பையனுக்கும் இதில் பங்குண்டு. வெளியேற வழியில்லாத தண்ணீர் பைபாஸ் வழியாக டேங்குக்குத் திரும்பாமல் பம்புக்குள்ளேயே சுற்றும் மிஷின்களில், சில நிமிடத்தில் அந்தத் தண்ணீர் சூடேறி சீலை வேகவைத்துவிடும்.

உண்மையிலேயே ஆபத்தான பழக்கம் ஒன்று இருக்கிறது. பிரஷர் குறைந்ததும் பலர் முதலில் கை வைப்பது அன்லோடர் வால்வின் திருகில். கன் மூடியிருக்கும்போது தண்ணீரைப் பைபாஸுக்குத் திருப்பி விடுவது அந்த வால்வு. கன் திறந்திருக்கும்போதும் பைபாஸில் நிறையத் தண்ணீர் திரும்பினால் அதன் சீட் தேய்ந்திருக்கலாம். கழற்றிப் பார்க்க வேண்டியதுதான். ஆனால் தேய்ந்த நாசிலை வைத்துக்கொண்டு திருகை இறுக்குவதால் ஒன்றும் ஏறாது. இறுக்கிய திருகு அப்படியே இருக்கும். பின்னொரு நாள் யாரோ சரியான நாசிலை மாட்டுவார்கள். கன்னை விட்ட கணத்தில் அழுத்தம் எகிறி, ஓஸ் பிய்த்துக்கொள்ளும், இல்லையென்றால் மோட்டார் டிரிப் ஆகும். கிணற்று மோட்டாரைப் போல மூடி வைத்தால் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும் பம்பு அல்ல இது.

இது லாரிக்காரர் கவலை மட்டுமல்ல. நாமக்கல் கோழிப் பண்ணைகளில் கூண்டையும் தரையையும் கழுவிய பிறகுதான் கிருமிநாசினி அடிக்க வேண்டும். எச்சமும் தீவனமும் ஒட்டியிருக்கும் இடத்தில் பல கிருமிநாசினிகள் வீரியம் இழந்துவிடும். 2021 ஜனவரியில் கேரளத்தின் ஆலப்புழை, கோட்டயம் மாவட்டங்களில் பறவைக் காய்ச்சல் வந்தபோது, அங்கே முட்டை இறக்கிவிட்டுத் திரும்பும் வண்டிகளைக் கழுவி மருந்தடிப்பதில் பண்ணைகள் மும்முரமாக இருந்தன. அப்படி ஒரு வாரத்தில் 140 பார் மிஷின் 70 பாரில் ஓடினால், மருந்து அடித்த கணக்கு நோட்டில் இருக்கும். டயர் இடுக்கு எச்சம் அப்படியே இருக்கும். 1985 முதல் நாமக்கல்லில் இருக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரி பண்ணையாளர் பயிற்சியில் மருந்தின் அளவோடு வாஷரின் பிரஷரையும் சொல்லித் தரலாம்.

வேடிக்கை என்னவென்றால், அளவு பார்த்து ஓட்டுவது இந்த ஊருக்குப் பழகிய வேலை. பிரேக்குக்கு ஏர் ஏறியதை மீட்டரில் பார்க்காமல் எந்த லாரி டிரைவரும் வண்டியை நகர்த்த மாட்டார். ரிக் வண்டியில் கம்ப்ரசர் கேஜைவிட்டுக் கண்ணை எடுக்காமல் நிற்பார்கள். அதே ஆட்கள் வாஷரில் மட்டும் முள் உடைந்த கேஜை வருஷக்கணக்கில் விட்டுவைக்கிறார்கள். நல்ல நாசில் மாட்டிய அன்று கேஜ் என்ன காட்டியது என்று சுவரில் எழுதி வைத்தாலே பாதித் தகராறு தீரும்.

விற்பவர்களையும் விடக் கூடாது. ஆன்லைனில் மலிவாக வரும் வாஷர்கள் பலவற்றுக்குச் சீல் கிட் எது, நாசில் எண் எது என்று ஒரு தாள்கூட வருவதில்லை. பழுதுபார்க்கும் உரிமைக்காக 2022-ல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை ஒரு குழு அமைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் இணையதளமும் திறந்தது. அதில் சொல்லப்பட்ட துறைகளில் விவசாயக் கருவிகளும் வாகனங்களும் இருக்கின்றன. பண்ணையிலும் பட்டறையிலும் ஓடும் வாஷரையும் ஸ்பிரேயரையும் அந்தக் கணக்கில் சேர்த்து, உதிரிபாக எண்ணை வெளியிடச் சொல்வது பெரிய காரியமல்ல. சேலம் ஐ.டி.ஐ. மாணவர்களுக்கு இரண்டு நாள் பாடமாக இதை வைத்தால் உள்ளூரிலேயே தேர்ந்த கைகள் கிடைக்கும்.

ஆனால் மெக்கானிக் பக்கத்து நியாயத்தையும் கேட்க வேண்டும். கழற்றி மாட்டினால்தான் கூலி. வாளியை வைத்து நேரம் பார்த்து, "நாசில்தாங்க, வேற ஒண்ணுமில்லை" என்று சொன்னால் டீக்காசுதான் கிடைக்கும். பார்த்துச் சொன்னதற்கே கூலி கேட்டால் ஓனர் முகம் சுளிக்கிறார். அதே ஓனர் ஹெட் மாற்றிய பில்லை மறுபேச்சில்லாமல் கொடுக்கிறார். சோதனைக் கூலி தனி, பாகத்தின் விலை தனி என்று பில்லில் இரண்டு வரி வர வேண்டும். கூடவே, வேலைக்கு முன்பும் பின்பும் கேஜ் காட்டிய பிரஷரையும் எழுதித் தர வேண்டும். இந்த ஆயுத பூஜைக்கே இதைத் தொடங்கலாம். சங்ககிரியிலோ நாமக்கல்லிலோ லாரி உரிமையாளர் சங்கம் ஒன்று, தன் உறுப்பினர்கள் வழக்கமாகப் போகும் சர்வீஸ் கடைகளில் கேட்டால் போதும்.