முதலில் ஒரு நோட்டுப் போடுங்கள்

நான் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை. ஊர் தேவகோட்டை. பழைய காசு எது கிடைத்தாலும் 'டீச்சர்கிட்ட காட்டிட்டு வா' என்று அனுப்பிவிடுவார்கள். ரங்கூன், பினாங்கு, கொழும்பு என்று கொண்டுவிக்கப் போன குடும்பங்கள் நிறைந்த பகுதி இது. பெட்டகத்தைத் திறந்தால் மலாயா சென்ட்டும் சிலோன் சதமும் உருளும். இன்றைய பிள்ளைகள் துபாயிலிருந்து திர்ஹாமும் சிங்கப்பூர்ச் சில்லறையும் கொண்டுவருகிறார்கள். உலக நாணயச் சேகரம் தொடங்க இதைவிட நல்ல இடம் ஏது?

ஆனால், கொண்டுவருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, 'இது எத்தனை லட்சம் போகும் டீச்சர்?' என்பதுதான். வைஷ்ணவதேவி படம் போட்ட 5 ரூபாய்க் காசுக்கு லட்சங்கள் தருவார்கள், டிராக்டர் படம் போட்ட 5 ரூபாய்த் தாளுக்கு அதற்கும் மேல் என்று வாட்ஸ்அப்பில் வீடியோ சுற்றுகிறது. ரிசர்வ் வங்கியின் பெயரையும் சின்னத்தையும் போட்டு, 'கமிஷன் கட்டுங்கள், வரி கட்டுங்கள்' என்று பணம் பறிக்கிறார்கள். இப்படிப்பட்ட வியாபாரம் எதிலும் தனக்குச் சம்பந்தமில்லை என்று 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே எச்சரித்தது. அதன் பிறகும் வீடியோ நின்றபாடில்லை.

ஏமாந்த பணத்தை விடுங்கள். இந்த லட்ச ஆசையில் காசுகளுக்கு நேரும் சேதம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. பளபளவென்று இருந்தால் விலை கூடும் என்று நினைத்துப் புளி, எலுமிச்சை, விபூதி, பித்தளை பாலிஷ் என்று கையில் கிடைத்ததைப் போட்டுத் தேய்க்கிறார்கள். எதிர் வீட்டுப் பையன் ஒரு சிலோன் சதம் கொண்டுவந்தான். விக்டோரியா ராணி காலத்துச் செப்புக்காசு. ஒரு பக்கம் ராணி தலை. மறுபக்கம் நடுவில் பனை மரம், அதன் இருபுறமும் சிங்களத்திலும் தமிழிலும் மதிப்பு. அழுத்தித் துலக்கியதில் காசு வெளிர்சிவப்பாக இளித்தது. ஓலைக் கீற்றுகள் மழுங்கி, மரம் வெறும் கரடாகத் தெரிந்தது. செம்பின் மேல் நூறு வருஷத்தில் படியும் பழுப்பு நிறம் அழுக்கு இல்லை. அது காசுக்குத் தோல். உரித்தால் திரும்ப வராது. விவரம் தெரிந்த எந்தச் சேகரிப்பாளரும் தேய்த்த காசுக்குக் குறைத்துத்தான் விலை சொல்வார்.

என் கட்சி இதுதான்: விலையைப் பிறகு பார்க்கலாம், முதலில் ஒரு நோட்டுப் போடுங்கள். ஒவ்வொரு காசுக்கும் ஒரு வரி. காசில் உள்ள பெயர், மதிப்பு, ஆண்டு, எடை, குறுக்களவு. கடைசிக் கட்டத்தில், யார் கொடுத்தது, எங்கிருந்து வந்தது. மற்றவற்றைக் காசைப் பார்த்து எப்போது வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். கடைசிக் கட்டத்தை நிரப்ப அந்த ஆச்சியோ ஐயாவோ உயிரோடு இருக்க வேண்டும்.

நாடுவாரியாக அடுக்கலாமே என்பார்கள். அடுக்கிப் பாருங்கள், நாடு நிலைக்காது. ஓரம் மழுங்கிய சதுரச் செப்புக்காசு ஒன்று, ஐந்தாம் ஜார்ஜ் தலையோடு 1920-இல் வந்தது. அதில் இருக்கும் பெயர் ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மென்ட்ஸ். 1939 முதல் மலாயா. 1950-களில் மலாயா அண்டு பிரிட்டிஷ் போர்னியோ. 1967-இல் மலேசியாவுக்குத் தனி, சிங்கப்பூருக்குத் தனி. அந்தச் சதுரக்காசை இன்றைய வரைபடத்தில் எந்த நாட்டில் போடுவீர்கள்? காசில் என்ன பெயர் இருக்கிறதோ அதன் கீழேயே வைக்க வேண்டும். சிலோன் காசு சிலோனில், யூகோஸ்லாவியா காசு யூகோஸ்லாவியாவில். அதற்குள் மதிப்பு வாரியாக, அதற்குள் ஆண்டு வாரியாக. உலக நாணயங்களுக்கான கிராஸ்-மிஷ்லர் பட்டியலும் வெளியிட்ட அரசைத்தான் தலைப்பாக வைத்திருக்கிறது.

ஆண்டு கண்டுபிடிப்பது கணக்கு டீச்சருக்குக் கொண்டாட்டம். தாய்லாந்துக் காசில் 2520 என்றிருந்தால் 543-ஐக் கழியுங்கள்: 1977. நேபாளக் காசு விக்ரம ஆண்டு, 57 கழிக்க வேண்டும். தைவானுக்கு 1911 கூட்ட வேண்டும். ஜப்பானில் அரசர் பட்டமேற்ற ஆண்டிலிருந்து எண்ணுவார்கள். ஷோவா 50 என்றால் 1975. நடுவில் ஓட்டையுள்ள அவர்களது 5 யென் காசில் நமக்குத் தெரிந்த எண்ணே இருக்காது, எல்லாம் அவர்கள் எழுத்துதான். பத்தாம் வகுப்புப் பிள்ளையிடம் நாலு காசைக் கொடுத்து ஆண்டு கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். கூட்டல் கழித்தலோடு சரித்திரமும் பூகோளமும் சேர்ந்து வரும்.

வைக்கும் இடத்துக்குப் பெரிய செலவில்லை. கடையில் மலிவாகக் கிடைக்கும் மெத்தென்ற பிளாஸ்டிக் உறைகளை மட்டும் வாங்காதீர்கள். மூக்கருகே வைத்தால் ரெக்சின் நெடி அடிக்கும். அது பி.வி.சி. நாள்பட்டால் அதிலிருந்து கசிவது காசில் பச்சையாகப் பிசுபிசுத்து, உலோகத்தையே அரிக்கும். மைலார் சன்னல் வைத்த அட்டைச் சட்டகம் போதும். ஸ்டேப்ளர் பின் அடித்தபின் அதன் முனையைக் குறடால் நசுக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் பக்கத்துக் காசைக் கீறும். ரப்பர் பேண்டு போடாதீர்கள், அதிலுள்ள கந்தகம் வெள்ளிக்காசைக் கறுக்கவைக்கும். காசை விளிம்பில் பிடியுங்கள். நம் ஊர் ஈரக்காற்றுக்குப் பெட்டியில் சிலிகா ஜெல் பொட்டலம் ஒன்று போட்டு, அவ்வப்போது மாற்றுங்கள்.

சட்டமும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். அஸ்திவாரம் தோண்டும்போது காசுக் குவியல் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்கச் சொல்கிறது 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம். நூறு ஆண்டு கடந்த நாணயம் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். அமெரிக்காவில் இருக்கும் மகனுக்கு ஆசையாக அனுப்பிவைக்க முடியாது.

'இதெல்லாம் நேரம் இருக்கிறவர்களுக்கு' என்று சிலர் சொல்வதுண்டு. பித்தளை பாலிஷ் போட்டுத் தேய்க்க நேரம் இருக்கிறது, அந்த வீடியோவில் வந்த எண்ணுக்குத் திரும்பத் திரும்பப் போன் போட நேரம் இருக்கிறது. ஒரு பென்சிலை எடுத்து, 'பெரியப்பா பினாங்கிலிருந்து கொண்டுவந்தது' என்று எழுத மட்டும் நேரம் இல்லையா?

சேகரித்தவர் போனபின் அந்தப் பெட்டி யார் கைக்காவது போகத்தான் போகிறது. நோட்டு இருந்தால் பேரனுக்கு அது குடும்பத்தின் கப்பல் பயணக் கணக்கு. நோட்டு இல்லாவிட்டால், செம்பையும் வெள்ளியையும் பிரித்துத் தராசில் போட்டு எடைக்கு எடை பணம் கொடுப்பார்கள்.