கரும்பு நமக்கு, கணக்கு யாருக்கு?



மொலாசஸைப் புளிக்க வைத்துச் சாராயமாக்குவது ஈஸ்ட் என்ற நுண்ணுயிர். கண்ணுக்குத் தெரியாது, கூலியும் கேட்காது. இப்போது அதன் மரபணுவையே மாற்றி, சர்க்கரையைத் தின்னக் கொடுத்து வேறு வேறு சரக்கு எடுக்கிறார்கள். பிரேசிலில் பிரோட்டாஸ் என்ற ஊரில் 2012 கடைசியில் அமைரிஸ் என்ற அமெரிக்கக் கம்பெனி கரும்புச் சாற்றிலிருந்து டீசலுக்கும் முகப்பூச்சுக்கும் ஆகிற எண்ணெய் எடுத்தது. சுறா ஈரலில் எடுத்துவந்த அழகுசாதன எண்ணெய்க்கு மாற்று அது. டீசல் கட்டுபடி ஆகவில்லை. 2023ல் கம்பெனியே திவால் மனு போட்டது. ஆகவே புது விஞ்ஞானம் வந்தால் விவசாயி கோடீஸ்வரன் ஆவான் என்று மேடையில் பேசுகிறவரை நம்பிவிடாதீர்கள்.

அதற்காக விஞ்ஞானத்துக்கு நாம் எதிரி இல்லை. 2024 ஆகஸ்டில் மத்திய அரசு 'பயோ-இ3' என்ற கொள்கைக்கு ஒப்புதல் கொடுத்தது. நுண்ணுயிரை வைத்து ரசாயனம், பிளாஸ்டிக் மாதிரிப் பொருள் எல்லாம் செய்யலாமாம். செய்யட்டும். அந்த நுண்ணுயிருக்குத் தீனி போடுவது யார்? நாம்தானே!

பங்கு விஷயத்துக்கு வருவோம். ஆலை வருமானத்தில் 70 சதம் விவசாயிக்கு என்று 2012ல் ரங்கராஜன் குழு சொன்னது. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்தக் கணக்கு சர்க்கரை, மொலாசஸ், சக்கை, பிரஸ்மட்டோட நின்னு போச்சு. எஃப்.ஆர்.பி. போடும்போதும் அதே கதைதான். மொலாசஸ் பக்கத்துக் கட்டிடத்துக்கு, அதாவது வடிசாலைக்குப் போனதும் நம்ம பங்கு தீர்ந்தது. ஒரு டன் சி-மொலாசஸில் சுமார் 225 லிட்டர் எத்தனால் வரும். 2024-25ல் எண்ணெய் நிறுவனங்கள் கொடுத்த விலை லிட்டருக்கு ரூ.57.97. சுமார் 13,000 ரூபாய் ஆச்சு. வடிக்கிற செலவு இல்லை என்று சொல்லவில்லை. அதைக் கழித்துவிட்டு மிச்சத்தைக் காட்டு என்கிறோம்.

இது புதுசாகக் கேட்கிற சலுகை அல்ல. கரும்புக் கட்டுப்பாட்டு ஆணையில் 5ஏ என்ற பிரிவு இருந்தது. ஆலைக்குக் கூடுதல் லாபம் வந்தால் பாதி நமக்கு. 2009ல் அதை எடுத்துவிட்டார்கள். தமிழ்நாட்டில் 2017-18லிருந்து மாநிலப் பரிந்துரை விலையும் போச்சு. பிரேசிலில் சாவோ பாலோ மாநிலத்தில் சர்க்கரை விலை, எத்தனால் விலை இரண்டையும் சேர்த்துத்தான் கரும்புக்கு விலை கட்டுகிறார்கள். அங்கே முடிகிறது, இங்கே ஏன் முடியாது?

எத்தனாலோ பிளாஸ்டிக்கோ, நம் கரும்பிலிருந்து எது செய்தாலும் அதன் வருமானம் பங்கீட்டில் சேர வேண்டும். 5ஏ திரும்ப வர வேண்டும். ஆலையின் வடிசாலைக் கணக்கு விவசாயிகள் முன்னால் வைக்கப்பட வேண்டும். அடுத்த பருவத்துக்குப் பதிவு போட ஆலை ஆள் வரும்போது, கையெழுத்துக்கு முன்னால் இந்த மூன்றையும் கேளுங்கள். கோட்ட அலுவலகம் முன்பு நாம் உட்காரும் அன்றைக்கு வீட்டுக்கு ஒருவர் கட்டாயம் வாருங்கள்.