கட்டையில் எழுத்து எதற்கு?

1881ஆம் ஆண்டில் தீயும் வெள்ளமும் வந்து கோலாலம்பூரின் அத்தாப்புக் கூரைகளை அழித்தன. அதன்பின் நகரைச் செங்கல்லால் எழுப்பத் துணிந்தனர். அதற்குச் செங்கல் அறுத்துச் சூளையிட்ட நிலமே பிரிக்பீல்ட்ஸ் எனப் பெயர் பெற்றது. செங்கல்லின் பெயர் தாங்கிய அவ்வூரில், குழந்தைக்கு அடுக்குக் கட்டை வாங்கும் பெற்றோர் எதை வாங்குவதென்று திகைப்பதுகூட இல்லை. எழுத்து அச்சிட்ட பெட்டி எதுவோ அதுவே கல்வி தரும் பெட்டி என்று முடிவுகட்டிவிடுகின்றனர்.

கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் தீபாவளிக்குத் துணி எடுக்க வரும் தந்தையும் அப்படித்தான். அவரையாவது பொறுத்துக்கொள்ளலாம். பாலர் பள்ளிக்குப் பொருள் வாங்கும் ஆசிரியரும் அதே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவதை எவ்வாறு பொறுப்பது?

எழுத்துக் கட்டையால் நேர்வதைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும். குழந்தை ஐந்து கட்டைகளை அடுக்கி, ஆறாவதை மூச்சடக்கி வைக்கப் போகிறது. அப்போது பெரியவர் குறுக்கிட்டு, “இது என்ன எழுத்து?” என்கிறார். கோபுரம் நின்றுபோகிறது, விளையாட்டு தேர்வாக மாறிவிடுகிறது. தமிழ் எழுத்தை அச்சிட்டால் குறை தீர்ந்துவிடும் என்பார் சிலர். 247 எழுத்துகளைப் பக்கத்திற்கு ஒன்றாக அச்சிட 42 கட்டைகள் வேண்டும். அப்போதும் ‘அம்மா’ என்று அடுக்கினால், மூன்றெழுத்தில் ஒன்று தலைகீழாக நிற்கும். தமிழன்பை மெச்சலாம், கட்டையை மெச்ச இயலாது.

1837இல் ஜெர்மனியில் பாலர் கல்வி நிலையம் தொடங்கிய பிரோபெல், குழந்தையின் கையில் எழுத்தையா கொடுத்தார்? எட்டுச் சிறு கனசதுரங்கள் சேர்ந்து ஒரு பெரிய கனசதுரமாகும் மரப்பெட்டியைக் கொடுத்தார். பின்னர் நியூயார்க்கில் கரோலின் பிராட் அம்மையார் வகுத்த கட்டையின் நீளம் அகலத்தைப்போல் இருமடங்கு. அகலம் தடிப்பைப்போல் இருமடங்கு. இதிலும் வண்ணமில்லை, எழுத்தில்லை. ஆயினும் இரண்டு குட்டைக் கட்டைகள் ஒரு நெட்டைக் கட்டைக்கு ஈடு என்பதைக் குழந்தை தன் கையாலேயே கண்டுகொள்கிறது. பின்னாளில் கரும்பலகையில் அரையும் காலும் எழுதப்படும்போது அவை அதற்குப் புதியன அல்ல.

மொழியும் அங்கேதான் விளைகிறது. ‘சாய்கிறது’, ‘தாங்கவில்லை’, ‘விளிம்பில் வைக்காதே’, ‘நடுவில் வை’ என்று குழந்தைகள் தமக்குள் வாதிடும்போது வரும் தமிழ், எந்தப் பயிற்றுத்தாளிலும் வருவதில்லை. வீட்டில் தமிழ் குறைந்துவரும் பட்டணத்துப் பிள்ளைக்கு இது சிறிய பேறன்று. ஆசிரியர் அருகிலமர்ந்து, குழந்தைக்குத் தெரியாத சொல்லை உரிய நேரத்தில் எடுத்துக் கொடுத்தால் போதும்.

ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் கற்களை அறவே ஒதுக்க வேண்டியதில்லை. 1958இல் காப்புரிமை கோரப்பட்ட லெகோ கல்லில், எட்டுக் குமிழ் கொண்ட ஆறு கற்களை 91 கோடிக்கும் மேற்பட்ட முறைகளில் இணைக்கலாம் எனக் கணக்கிட்டுள்ளனர். அவ்வளவு வளத்தையும் பெட்டியின் மேலுள்ள ஒரே படத்திற்குள் அடைத்து விற்பதுதான் கொடுமை. படத்தில் உள்ளதைச் செய்து முடித்ததும் பெட்டி அலமாரிக்குப் போய்விடுகிறது. மேலும், பூட்டிக்கொண்ட கல் எளிதில் சரியாது. சரியாத கல்லிடம் குழந்தை நிறுத்தம் கற்பதெங்ஙனம்?

மரக்கட்டை விலை மிகுதி என்பது அடுத்த வாதம். பத்து வடிவங்களில் பகட்டாக வாங்காமல், ஒரே அளவில் ஐம்பது கட்டை வாங்கினால் என்ன? கடையில் வாங்குவோர், விதிகள் வேண்டும் எம்.சி. குறியைப் பார்த்து வாங்கட்டும். மூன்று வயது நிரம்பாத பிள்ளைகள் உள்ள இடத்தில், 3.17 சென்டிமீட்டர் விட்டமுள்ள சோதனைக் குழலுக்குள் அடங்கிவிடும் சிறு துண்டுகள் கூடாது. அவை தொண்டையில் சிக்கும்.

மரத்திற்கும் தொலைவில் தேட வேண்டா. இருபத்தைந்து முப்பது ஆண்டுகள் பால் தந்து ஓய்ந்த பால்மரம் ஒருகாலத்தில் விறகாயிற்று. இன்று அதுவே நாற்காலியும் மேசையுமாகிறது. அறுத்தவுடன் பூச்சி அரிக்காதபடி பக்குவப்படுத்தி உலர்த்திய பால்மரம் வெளிர்நிறமானது. நன்கு இழைக்க வருவது. தச்சரிடம் அளவு சொல்லி அறுத்து, முனை மழுக்கி, உப்புத்தாள் தேய்த்து வாங்கலாம். பாட்டனார் விடியலில் வெட்டிய மரம் பேரனின் கையில் கட்டையாக இருக்கட்டும். அதன்மீது எதையும் அச்சிட வேண்டா.