ஒளியால் ஒட்டும் கண்ணாடி!

தம் பிரியாணி செய்பவர்கள், ஆவி வெளியே போகாமல் இருக்கப் பாத்திரத்தின் விளிம்பில் மாவைச் சுற்றி ஒட்டி மூடுவார்கள். செல்போனின் ஓஎல்இடி திரைக்கும் அப்படி ஓர் அடைப்பு தேவை. இங்கே தடுக்க வேண்டியது, வெளியிலிருந்து உள்ளே வரும் காற்றையும் ஈரத்தையும்.

இந்தத் திரையில் மின்சாரம் பாய்ந்ததும் தானே ஒளிரும் கரிமப் பொருட்கள் மெல்லிய படலமாக இருக்கின்றன. ஆக்சிஜனும் நீராவியும் இவற்றுக்குப் பரம எதிரிகள். கொஞ்சம் ஈரம் புகுந்தாலும் கரும்புள்ளி விழும். நாளாக ஆக அது பெரிதாகும். ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு நாளில், ஒரு கிராமில் 10 லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் நீராவி நுழையக் கூடாது என்பது இத்துறையில் சொல்லப்படும் கணக்கு. எப்போக்சி பசை வழியாகக்கூட ஈரம் மெல்லக் கசிந்துவிடும்.

ஆகவே படலத்தை இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே வைத்து, ஓரத்தைக் கண்ணாடியாலேயே அடைக்கிறார்கள். கண்ணாடி உருக நூற்றுக்கணக்கான டிகிரி சூடு வேண்டும். படலமோ சுமார் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே கெட ஆரம்பித்துவிடும். மொத்தமாக உலையில் வைத்தால் அடைப்பும் ஆகும், திரையும் போகும்!

ஓரத்தை மட்டும் சுட லேசர் போதும். ஆனால், ஜன்னல் வழியே வெயில் வருவது போல, அகச்சிவப்பு லேசர் தெளிந்த கண்ணாடியைச் சூடாக்காமல் கடந்து போய்விடும். அதற்காகக் கண்ணாடித் தூளில் வனேடியம், இரும்பு போன்ற உலோகங்களின் ஆக்சைடுகளைக் கலக்கிறார்கள். கறுப்புச் சட்டை வெயிலை இழுப்பது போல, இவை லேசரை உறிஞ்சிக்கொள்ளும்.

தூளைப் பசையாக்கி, மேல் கண்ணாடியின் ஓரத்தில் மெல்லிய கோடாக இட்டு, முதலில் அதை மட்டும் உலையில் சுடுகிறார்கள். பிறகு, படலம் உள்ள தகட்டின் மேல் கவிழ்த்து, கோட்டின் மேலேயே லேசரை ஓட்டுகிறார்கள். கோடு உருகிப் பிடித்துக்கொள்கிறது. பக்கத்திலேயே இருக்கும் படலத்துக்குச் சூடு தெரிவதில்லை. எடிசனின் பல்புகளுக்குக் கண்ணாடிக் குமிழ் செய்து கொடுத்த கார்னிங் நிறுவனம், இந்த முறைக்கு 2006-ல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றது.

இதிலும் தொல்லை உண்டு. ஆறும்போது கோடும் தகடும் ஒரே அளவில் சுருங்காவிட்டால் விரிசல் விடும். அதனால், சூட்டுக்கு அதிகம் விரியாத பொருளையும் தூளில் சேர்க்கிறார்கள்.

மடக்கும் போன்களுக்கு இந்த வித்தை உதவாது. விறைப்பான கண்ணாடி அடைப்பு வளையாதே! அவற்றில் படலத்தின் மேல் மிக மெல்லிய பூச்சுகளை அடுக்கடுக்காகப் போட்டு ஈரத்தைத் தடுக்கிறார்கள்.